ஆழம் பார்த்து முதல் போடலாமா?

சீட்டுக்காரர்களும் தேக்குமரத் திட்டக்காரர்களும் வந்துபோன நம் கடைத்தெருவுக்கு, இப்போது அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுப் பங்குகளைப் பற்றிப் பேசுகிறவர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பங்கில் முதல் போட ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டு. அதில் குற்றமில்லை. ஆனால் வருகிறவர்கள் முதலில் நீட்டும் விவரம் ஆழம்தான். "12,000 அடியில் ஷேல் பாறை, ஆழம் கூடக் கூட எண்ணெய் கூடும்" என்கிறார்கள். கைவிட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை துவரை வாங்காத நாம், இதை மட்டும் சொன்னபடியே நம்பலாமா?

ஷேல் என்பது பழங்காலக் கடலடிச் சேறு இறுகிய களிப்பாறை. அதில் சிக்கி மக்கிய நுண்ணுயிர்கள் பூமியின் சூட்டில் வெந்துதான் எண்ணெயாகின்றன. கீழே போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். வெண்ணெய் காய்ச்சுவதை நினைத்துக் கொள்ளுங்கள். சூடு போதாவிட்டால் வெண்ணெயாகவே கிடக்கும், பதத்தில் இறக்கினால் நெய், விட்டுவிட்டால் கருகும். பாறையிலும் ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி வரைதான் எண்ணெய்ப் பதம். அதற்கு மேல் வெந்தால் எரிவாயுவாகிவிடும்.

டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஈகிள் ஃபோர்ட் பாறை இதற்கு நல்ல உதாரணம். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, மெக்சிகோ வளைகுடாவை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. துளையிடும் பகுதி சுமார் 4,000 அடியிலிருந்து 14,000 அடி வரை. மேட்டுப் பக்கம் எண்ணெய் கிடைக்கிறது. நடுவில் லேசான திரவம் கலந்த வாயு, ஆழத்தில் வெறும் வாயு. பாறை ஒன்றே, சரக்கு மூன்று! ஆகவே ஆழம் முதலில் சொல்வது எவ்வளவு சரக்கு என்பதை அல்ல, என்ன சரக்கு என்பதை.

ஆழத்தில் அழுத்தமும் அதிகம் என்பது உண்மை. அதனால் வாயு வேகமாகப் பொங்கி வரும், முதல் மாதக் கணக்கு பார்க்க அழகாக இருக்கும். விலை என்ன ஆனது? 2008 ஜூலையில் அமெரிக்கச் சந்தையில் 13 டாலரைத் தொட்ட எரிவாயு, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே இறங்கியது. வாயுப் பகுதியில் துளையிட்டவர்கள் பலர் எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு எண்ணெய்ப் பகுதிக்கு ஓடினார்கள். ஆழத்துக்குச் செலவும் கூடுதல். துளையிடும் நாள் கூடும், கனத்த குழாய் வேண்டும். பிளந்த பாறை மூடிக்கொள்ளாமல் தாங்குவதற்குச் செலுத்தும் சாதாரண மணல், அங்குள்ள பாரத்தில் நொறுங்கிவிடும் என்பதால் விலை கூடிய மணிகளை வாங்க வேண்டியிருக்கும்.

இன்றைய ஆழத்தை மட்டும் பார்த்தாலும் கணக்குத் தவறும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறை ஒரு காலத்தில் இப்போதைவிட மிக ஆழத்தில் புதைந்து வெந்து, பிறகு மேலெழுந்தது. ஈகிள் ஃபோர்டில் எண்ணெய் தரும் அதே 6,000 அடி, அங்கே வடகிழக்குப் பகுதியில் வாயுதான் தருகிறது.

இன்னொரு சூட்சுமம், அளவில் இருக்கிறது. ஷேல் கிணறு நேராக இறங்கி, பாறையை அடைந்ததும் படுக்கைவாட்டில் திரும்பி ஒரு மைல், இரண்டு மைல் ஓடும். "20,000 அடிக் கிணறு" என்றால் பாதி கீழே, பாதி பக்கவாட்டில் என்று இருக்கலாம். குழாயின் நீளத்தை ஆழம் என்று சொல்லி விற்பது, சாக்கின் எடையையும் சேர்த்துச் சரக்கு நிறுப்பது போன்றதுதான். செங்குத்து ஆழம் எவ்வளவு, படுக்கை நீளம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். பாறையின் கனத்தையும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வற்றும் வேகம். ஷேல் கிணற்றில் முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் குறைவது வழக்கம். முதல் மாத ஊற்றைப் பன்னிரண்டால் பெருக்கி, அதையும் பத்து ஆண்டுக்கு நீட்டிக் காட்டுகிறவரிடம் நாம் என்ன பேசுவது? தீபாவளி வாரத்துக் கல்லாவை வைத்து வருஷ வியாபாரம் போடுகிற கணக்கு அது.

பெரிய முதலாளிகளுக்கே இது எளிதாக இருக்கவில்லை. நம் நாட்டு ரிலையன்ஸ் நிறுவனம் 2010-ல் ஈகிள் ஃபோர்டில் பயனீர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. 2021-ல் அந்தப் பங்கை விற்று வெளியேறியது. ஷேல் தொழிலில் முன்னணியில் இருந்த செசபீக் நிறுவனம் 2020 ஜூனில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. அவர்களிடம் பாறை இல்லாமலா? பாறையின் ஆழம் தெரியாமலா?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள எண்ணெய் நிறுவனம், தன் கையிருப்பையும் உற்பத்தியையும் ஆண்டுதோறும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். டெக்சாஸ் கிணறுகளுக்கு மாதாந்திர உற்பத்திக் கணக்கே இருக்கிறது. வைத்திருப்பது ரயில்ரோடு கமிஷன். பெயர் ரயிலுக்கு, வேலை எண்ணெய்க்கு! இரண்டையும் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பங்கு விற்க வருகிறவரிடம் கிணற்றின் பெயரை எழுதி வாங்கிக் கொண்டு, ஆங்கிலம் படித்த பிள்ளையை உட்கார வைத்து, இரண்டாம் ஆண்டுக் கணக்கு என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். காசோலையைப் பிறகு எழுதலாம்.