விழித்தபடியே கனவுக்குள்

இரண்டு கிழமைக்கு முன் மாணவ அன்பர் ஒருவரிடமிருந்து எட்டுப் பக்கக் கடிதமொன்று வந்தது. இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற இருப்பவர். ஊரும் பேரும் வேண்டா. கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெளிந்து காணும் கனவு ஒன்று உண்டென எங்கோ படித்திருக்கிறார். உறங்கிய பின் தற்செயலாக அத்தெளிவு வருவதற்குக் காத்திராமல், விழிப்பு நிலையிலிருந்து அறிவு மங்காமலே நேரே கனவுக்குட் புகுவதற்கு இருபத்தாறு இரவுகள் முயன்றாராம். ஓரிரவேனும் கைகூடவில்லை. ஒவ்வோர் இரவும் நிகழ்ந்ததை விஞ்ஞான மாணவனுக்குரிய ஒழுங்கோடு குறித்தனுப்பி, "எங்கே பிழை விடுகிறேன்?" என்று கேட்டிருக்கிறார். ஏன் முயல்கிறார் என்பதைக் கடைசிப் பக்கத்திலேதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்படியும் ஒரு கனவு உண்டா என்று ஐயுறும் பெற்றோருக்காக முதலிற் சில வார்த்தை. ஒல்லாந்து தேசத்து மருத்துவரும் எழுத்தாளருமாகிய பிரெடெரிக் வான் ஈடன் என்பார் தம் கனவுகளைப் பல்லாண்டு குறித்துவந்து, 1913ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வகைக் கனவுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை நிலைநாட்டியது அக்கட்டுரையே. நாம் தெளிகனவு என்று சொல்லிக்கொள்வோம். உறங்கியவர் எழுந்து சொல்லும் சொல்லன்றி வேறு சான்று இல்லாமையால் விஞ்ஞானிகள் நெடுங்காலம் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்திற் கீத் ஹேர்ன் என்பவர் அச்சான்றைக் கண்டுபிடித்தார். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடப்பினும், கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சை இயக்கும் தசையும் கட்டுண்பதில்லை. ஆகவே, கனவில் தெளிவு பிறந்ததும் கண்களை முன்னரே பேசிக்கொண்டபடி இடமும் வலமுமாக அசைக்குமாறு அலன் வேர்ஸ்லி என்பவரிடம் சொல்லிவைத்தார். அவர் உறங்கியபடியே அசைத்தார்; கருவி அதனை வரைந்துகொண்டது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஸ்டீவன் லாபேர்ஜும் இதனைத் தனியே செய்துகாட்டினார். 2021இல் நான்கு நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், கனவில் இருந்தவரிடமே "எட்டிலிருந்து ஆறு போனால் மிச்சம் என்ன?" என்று கேட்டு, கண்ணசைவினால் "இரண்டு" என்று விடை பெற்றிருக்கின்றனர். கேட்ட 158 தடவைகளிற் சரியான விடை வந்தது 18 வீதத்துக்குச் சற்று மேல். விழித்திருக்கும் வகுப்பிலேயே இதனிலும் குறைந்த வீதத்தை நான் கண்டதுண்டு.

இனி அன்பரின் குறிப்புகளுக்கு வருவோம். இருபத்தாறு இரவுகளிற் பதினைந்து இரவு உறக்கமே வரவில்லை. எட்டு இரவு தம்மை அறியாமல் உறங்கிப்போனார். மூன்று இரவு பயந்து எழுந்துவிட்டார்.

பிழைகளில் முதலாவது, வேளை பற்றியது. அவர் இரவு பத்து மணிக்குப் படுத்து, அசையாது கிடந்து, கனவின் வாயிலுக்குக் காத்திருக்கிறார். அந்த வேளையில் அங்கே வாயில் இல்லை. உறக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடப்பது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கமே மிகுதி. கனவுறக்கம் சில நிமிடங்களுக்குத்தான் தலைகாட்டும். விடியற்புறம் நெருங்க நெருங்க அது நீண்டு, அரை மணி நேரமும் அதற்கு மேலும் செல்லும். வான் ஈடன் 1898 முதல் 1912 வரை 352 தெளிகனவுகளைக் கண்டதாகக் கணக்கு வைத்திருந்தார். அவை அனைத்தும் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வந்தவை என்று எழுதியிருக்கிறார். படுத்தவுடன் விழிப்பிலிருந்து நேரே கனவுக்குட் புகுந்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஆனால் அரை டசின் தடவையளவே, அதுவும் மிகக் களைத்திருந்த வேளைகளில். பல்லாண்டு பழகியவருக்கே அரிதாக வாய்த்ததை நம் அன்பர் நாள்தோறும் பத்து மணிக்கு எதிர்பார்த்திருக்கிறார்.

ஆகவே, முயல்வோர் முதலில் ஐந்து மணி நேரமாவது ஒழுங்காக உறங்கவேண்டும். பின் எழுந்து, பத்து நிமிடம் முதல் அரை மணி வரை அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் படுக்கவேண்டும். அப்போது உடல் உறக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். அறிவோ சற்றுத் தெளிந்திருக்கும். இவ்விரண்டும் ஒருங்கு கூடுவது அந்த வேளையிலேதான். வான் ஈடனின் தேசத்தில் ஐந்து மணி எப்படி இருந்ததோ அறியேன். நம்மூரில் அந்நேரம் கோயில் மணியும், ஒலிபெருக்கியும், அயல்வீட்டு நீரிறைக்கும் இயந்திரமும், எல்லார் வீட்டுச் சேவலும் விழித்துவிடுகின்றன. மூன்றரை, நான்கு மணியை நான் விதந்துரைப்பது இதனாலேயே.

இரண்டாவது பிழை, முயற்சியின் மிகை. ஒன்பதாம் இரவுக் குறிப்பில், "எச்சில் விழுங்கலாமா கூடாதா என்பதையே ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். வாசித்தபோது சிரிப்பும் இரக்கமும் ஒன்றாக வந்தன. அசையவே கூடாது என்று எவரோ எழுதியதை அவர் வேதவாக்காகக் கொண்டுவிட்டார். எச்சில் வந்தால் விழுங்கலாம், அரித்தால் சொறியலாம், புரண்டும் படுக்கலாம். உறங்கப்போகும் உடலுக்கு வேண்டியது சுகமேயன்றிக் கட்டுப்பாடு அன்று. "உறங்கிவிட்டேனா, இன்னும் இல்லையா" என்று கணந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது ஊன்றிய விதையை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பது போலாகும்.

அறியாமல் உறங்கிப்போன எட்டு இரவுகளின் கதை இதற்கு மறுதலை. அங்கே மனத்துக்குப் பற்றுக்கோடு இல்லை. லாபேர்ஜ் சொல்லும் வழி எளியது: "ஒன்று, நான் கனவு காண்கிறேன், இரண்டு, நான் கனவு காண்கிறேன்" என்று மெல்ல எண்ணிச் செல்வது. எண் தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம், தவறியதற்காக வருந்தவேண்டா. முழங்கையைப் படுக்கையில் ஊன்றி முன்கையை நிமிர்த்தி வைத்திருப்பதும் ஓர் உபாயம். உறக்கம் வரும்போது கை சாய்ந்து எழுப்பிவிடும்.

எண்ணிக்கொண்டிருக்கையில் மூடிய கண்ணுக்குள் நிறங்களும் கோலங்களும் தோன்றும்; யாரோ ஒரு சொல் பேசியது போலவும் கேட்கும். இதுவே வாசற்படி. மூன்று தடவை இவ்விடத்துக்கு வந்தும், மகிழ்ச்சியினாலே நெஞ்சு படபடத்து விழித்துவிட்டதாக அன்பர் எழுதுகிறார். வேலியோரம் மேயும் கன்றுக்குட்டியைப் பிடிக்க ஓடினால் அது ஓடும். பாராதது போல நின்றால் தானே அருகில் வரும். அக்காட்சிகளையும் அங்ஙனமே விடவேண்டும். கோலங்கள் பொருள்களாகும், பொருள்கள் ஓர் இடமாகும், அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பயந்து எழுந்த மூன்று இரவுகளைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். இந்தப் பயம் முயலாதவர்க்கும் வருவது. பத்தொன்பதாம் இரவு, கைகால் அசையவில்லை, நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்திருப்பது போலிருந்தது, கதவருகே ஓர் உருவம் நின்றது என்கிறார். நம் வீடுகளிலே 'பேய் அமுக்கியது' என்று சொல்லப்படுவது இதுவே. கனவுறக்கத்திலே தசைகள் செயலறுவதைப் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே 1959 முதல் பூனைகளை வைத்து ஆராய்ந்து காட்டினார். கனவில் ஓடுகிறவன் படுக்கையில் எழுந்து ஓடாமலிருப்பதற்கு உடல் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் பூட்டு அது. அறிவு விழித்து, பூட்டு இன்னும் திறபடாமல் இருந்தால் இந்த நிலை நேரும். கனவின் எச்சமும் கலந்துகொள்வதால் உருவங்கள் தோன்றும். நெஞ்சு அழுத்துவது போலிருந்தாலும் மூச்சு நிற்பதில்லை. முன்னே சொன்னபடி மூச்சை இயக்கும் தசை கட்டுண்ணாதது. எழுந்துவிட முழுப்பலத்தோடு போராடுவது பயத்தைப் பெருக்கும். மூச்சை மெதுவாக விட்டு, ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்க முயல்க. சிறிது நேரத்தில் விடும். மல்லாந்து படுப்போர்க்கு இது அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுப்பது நன்று. உறக்கம் குறைந்தவர்க்கும் அதிகம் வரும். பத்தொன்பதாம் இரவுக்கு முந்திய நான்கு இரவுகளில் அன்பர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதை அவருடைய குறிப்பிலேயே கூட்டிப் பார்க்கட்டும்.

உள்ளே புகுந்தபின் வரும் இடர் வேறு. கனவு உடனே கலையத் தொடங்கும். கனவிலேயே இரு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தால் நிலைக்கும் என்று லாபேர்ஜ் கூறுகிறார். விழித்துவிட்டதாகக் கனவு காண்பதும் உண்டு. ஏதேனும் அச்செழுத்தை வாசித்துவிட்டு மறுமுறை வாசியுங்கள். கனவில் அது பெரும்பாலும் மாறியிருக்கும். வான் ஈடன் கனவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கைமுட்டியால் ஓங்கிக் குத்தினாராம். உடையவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் உடைந்து கிடந்ததாம், தன் முறையை மறந்து பிந்தி வந்த நாடகக்காரனைப் போல.

இத்தனையும் சொன்னபின் என் அபிப்பிராயத்தையும் சொல்லவேண்டும். விழித்தபடியே நுழைவது இக்கலையின் கடினமான வாயில். தொடங்குவோர்க்கு எளிய வாயில் வேறுண்டு. விடியற்புறம் எழுந்து, இறுதியாகக் கண்ட கனவை நினைவுபடுத்தி, "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவென்பதை நினைவிற்கொள்வேன்" என்று உறுதிசெய்துகொண்டு, மனநிறைவோடு உறங்கிவிடுவதே அது. 2017இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்து டென்ஹொம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு செய்தபின் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கியவர்கள் 46 வீதமான முயற்சிகளிற் தெளிகனவு கண்டனர். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அது 17 வீதமே. விரைந்து உறங்கியவரே கண்டார் என்பதைக் கவனிக்க. நம் அன்பரோ உறக்கத்தைப் பகையாக வைத்துப் போராடியிருக்கிறார்.

இதனை யோகம் என்றும் துரியம் என்றும் சிலர் பேசுகின்றனர். சைவபாடத்திற் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தவத்தை படித்த மாணவர்கள் மயங்கவேண்டா. திபெத்திய பௌத்தத்திற் கனவு யோகம் என ஒரு பயிற்சி உண்டு; அது குருவின்கீழ்ப் பயிலும் நெறி. நாம் பேசிக்கொண்டிருப்பது சொப்பனத்திலேயே சற்று அறிவு தெளிந்திருப்பது, அவ்வளவுதான். மனநோய்க்கு வைத்தியம் பெறுவோரும், உறக்கமின்மையால் வருந்துவோரும் இதனைத் தொடாதிருப்பதே நல்லது.

இனிக் கடைசிப் பக்கம். அன்பரை வளர்த்தவர் அவருடைய அம்மம்மா. சென்ற ஆண்டு காலமானார். அந்நேரம் இவர் ரியூசனுக்குப் போயிருந்தாராம். சில மாதத்துக்குப் பின் ஒருநாள் அம்மம்மா கனவில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இவர் ஏதோ அவசரத்தில் "பிறகு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறியிருக்கிறார். விழித்த பின்னரே அம்மம்மா இறந்துபோனது நினைவுக்கு வந்தது. "அது கனவென்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் நின்றிருப்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, வான் ஈடன் இறந்துபோன தம் மைத்துனரை 1903இல் ஒரு கனவிற் கண்டு பேசினார். வந்தவர் அவரே என்று ஐயமின்றி நம்பினார். நான் அவ்வளவு துணிந்து சொல்லமாட்டேன். கனவில் வருபவரை நம் நினைவே ஆக்குகிறது என்பது என் எண்ணம். ஆயினும் நீர் கேட்பது பிழையான ஆசையென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பரீட்சை முடியும்வரை அந்த நான்கு மணி எழும்பலை விட்டுவிடும். படித்தது மனத்திற் பதிவதும் உறக்கத்திலேதான். வகுப்பிற் கண்ணயர்வதாக நீரே எழுதியிருக்கிறீர். காலையில் எழுந்ததும் ஐந்து நிமிடம் கனவைக் குறித்துவைப்பது போதும். பரீட்சைக்குப் பின் கிழமைக்கு இரண்டு விடியலுக்கு மேல் வேண்டா.

இன்னொன்று. நீர் எழுதியனுப்பிய அம்மம்மா கனவுகள் மூன்று. மூன்றிலும் கிணற்றடி வருகிறது. நீர் இதைக் கவனிக்கவில்லைப் போலும். நாள்தோறும் பகலிற் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் சற்று நின்று, வாளியைப் பார்த்து, கயிற்றைப் பார்த்து, "இது கனவா?" என்று மெய்யாகவே கேட்டுப் பழகும். பகலிற் பழகிய கேள்வி இரவிலும் ஒருநாள் அங்கே எழக்கூடும். எழுந்தால், ஓடிப் போகவேண்டா. கைகளைத் தேய்த்துக்கொண்டு அவ்விடத்திலேயே நில்லும்.