வாழைத் தோட்டத்துக்கு உறுதி எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாடு வாழைக்கென்று வாய்த்த பூமியன்று. பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. அதன்பின் மீண்டும் ஐப்பசி வரும்வரை கிணற்று நீரே கதி. இருந்தும் நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணில் வாழை நிற்கிறதென்றால், எமது உழவரின் இறைப்பினாலேயே நிற்கிறது.

இத்தகைய நிலத்துக்கு விரைவில் குலை முதிரும் இனமே ஏற்றது. இறைப்புச் செலவு குறையும், காற்றுக்கும் தப்பலாம். ஐப்பசி முதல் மழைக்கு நடும் இழைய வளர்ப்புக் கன்று பதினொரு, பன்னிரண்டு மாதங்களில் வெட்டுக்கு வரும். புயற்காலத்தை அது சிறு கன்றாக ஒருமுறையே காண்கிறது. பதினைந்து மாதத்துக்கு மேல் நிற்கும் செவ்வாழையோ, அடுத்த கார்த்திகையைக் குலைப் பாரத்தோடு எதிர்கொள்ள வேண்டும். 2008 நவம்பரில் நிஷாப் புயலும் 2020 டிசெம்பரில் புரேவிப் புயலும் வந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

ஆயின் முதற்குலையில் இலாபம் சொற்பமே. கன்று விலை, பண்படுத்தும் கூலி, குழிவெட்டு யாவும் அதன் தலையிலே விழுகின்றன. பக்கத்தே விட்ட குட்டி ஈனும் இரண்டாங் குலையிலேதான் உழவன் நிமிர்கிறான். அந்தக் குலையை வெட்டப் போவது யார்? சொந்தக் காணிக்காரருக்குக் கவலையில்லை. வாய்ச்சொல்லில் குத்தகை பெற்றவர் கதி வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். வேலியோரம் பேசிக்கொண்ட மூன்றாண்டுத் தவணை நீதிமன்றிலே செல்லாது. நெல்வயற் குத்தகைக்காரருக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் காவலாய் நிற்கிறது. தோட்டக் குத்தகைக்காரருக்கு அக்காவல் இல்லை. கொழும்பிலே சட்டம் வரைந்தோருக்கு உழவன் என்றால் வயற்காரன் மட்டுமே போலும்!

எழுதிக் கொடுத்தால் காணி கைவிட்டுப் போகுமென்று வெளிநாடுகளிலுள்ள காணிக்காரர் சிலர் அஞ்சுகின்றனர். வீண் அச்சம். தவணை குறித்த உறுதி தவணையோடு முடிந்துவிடும். வாய்ப்பேச்சே வழக்கை வளர்ப்பது. அற்றோர்னித் தத்துவம் பெற்ற உறவினர் இங்கிருந்தே ஒப்பமிடலாம்.

தோட்டக் குத்தகைக்காரருக்கும் சட்டக் காவல் வேண்டும். மூன்றாண்டுக் குத்தகைக்கு எளிய தமிழில் ஒரு படிவம் வேண்டும். முத்திரைக் கட்டணம் தள்ளப்படல் வேண்டும். எமது நொத்தாரிசுமார் சிறு தோட்டங்களுக்குத் தம் கூலியை முதலிற் குறைக்கட்டும். அரசிடம் கேட்கும்போது எமக்கு வாய் இருக்கும். ஐப்பசி நடுகைக்கு முன் இவ்வளவையும் செய்ய இயலாது. படிவத்தையும் கூலியையும் நாமே முடிக்கலாம்.