செம்பு நகரத்துப் பாடகர்

பழைய இசைக்குழு ஒன்றைப் பற்றி எழுதப் புகுவோர் 'மறக்கப்பட்ட' என்ற அடைமொழியைத் தயக்கமின்றி இட்டுவிடுகின்றனர். யாரால் மறக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது. ஸாம்பியா நாட்டின் 'விட்ச்' குழுவின் வரலாற்றைச் சில காலமாகத் தேடிப் படித்தும் கேட்டும் வருகிற நமக்கு, அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல இயலவில்லை.

1964இல் விடுதலை பெற்ற ஸாம்பியாவின் வடபகுதியில் செம்புச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம் ஒன்றுண்டு. அங்குள்ள கிட்வே போன்ற நகரங்களில் வளர்ந்த இளைஞர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் மின்கிட்டாரைக் கையிலெடுத்தார்கள். பிளாக் சப்பாத், டீப் பர்ப்பிள், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் கனத்த ஒலி அவர்களை எட்டியிருந்தது. அந்த ஒலியோடு தம் ஊர்த் தாளத்தைப் பிணைத்து அவர்கள் உருவாக்கியதே பின்னாளில் 'ஸாம்ராக்' எனப் பெயர் பெற்றது. வகைமைப் பட்டியலில் கறாரானவர்கள் இதை மெட்டல் என்று ஏற்பார்களா என்பது ஐயமே. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஓர் உலோகத்திலிருந்தே வந்த காலத்தில், அந்த உலோகம் வெட்டப்பட்ட ஊரில் பிறந்த இசையை வேறென்ன பெயரிட்டு அழைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

வானொலியில் ஒலிபரப்பாகும் இசையில் 95 விழுக்காடு ஸாம்பிய இசையாக இருக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா ஆணையிட்டார். நாட்டார் பாடல்களை எதிர்பார்த்துப் பிறந்திருக்கக்கூடிய அந்த ஆணை, தலைமுடி வளர்த்த ராக் இளைஞர்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டது. அரசாணைகள் இப்படித் தாம் எண்ணாத பிள்ளைகளையும் பெறுவதுண்டு. 'விட்ச்' குழுவினர் ஐவர். எம்மானுவேல் சண்டா என்ற பாடகர், மிக் ஜாகரின் பெயரை ஆப்பிரிக்க நாவுக்கேற்ப வளைத்து 'ஜகாரி' ஆனார். 1975இல் வெளியான 'லேஸி போன்ஸ்' இசைத்தட்டை இன்று கேட்டாலும், கரகரத்து உறுமும் கிட்டாரின் கீழே அவர் குரல் ஏறக்குறைய அலட்சியமாக நடந்து செல்வதைக் காணலாம். ஆங்கிலத்தில் பாடினார்கள், ஆயினும் இங்கிலாந்தின் குரலன்று அது.

வீழ்ச்சி விரைவில் வந்தது. எழுபதுகளின் நடுவில் உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்தது. இசைத்தட்டு வாங்கும் கைகளில் பணமில்லாமல் போயிற்று. அண்டை நாடுகளின் விடுதலைப் போராளிகளுக்கு ஸாம்பியா புகலிடம் அளித்ததால் எல்லைத் தாக்குதல்களும் ஊரடங்கும் விளக்கணைப்பும் தொடர்ந்தன. இரவு நிகழ்ச்சிகள் பகலுக்கு மாறின. கள்ள ஒலிநாடா வந்தது, டிஸ்கோ வந்தது. அதன்பின் எய்ட்ஸ். அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்களில் பெரும்பகுதியை அது வாரிக்கொண்டு போனது. கிட்டார் வாசித்த கிறிஸ் ம்பேவே, டிரம் வாசித்த பாய்டி சின்கலா உட்பட நால்வரும் இறந்தனர். எஞ்சியவர் ஜகாரி மட்டுமே. குழுவை விட்டு விலகி இசைக் கல்வியில் சில காலம் ஈடுபட்டவர், பின்னர் இரத்தினக் கல் தேடி மண்ணைத் தோண்டிப் பிழைத்தார்.

அவர் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடையே 'விட்ச்' குழுவின் மூல இசைத்தட்டுகள் பெருந்தொகைக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. நம்மை உறுத்துவது இதுதான். கிட்வேயில் அக்குழுவை ஆடிக் கொண்டாடியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் உயிரோடு இல்லை, அவ்வளவே. 'மறக்கப்பட்ட குழு' என்று எழுதுகையில், ஒருபோதும் அறிந்திராதவர்கள் தம் அறியாமையை மறதி என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராக அலைந்ததைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தேடுபவர் மீது நமக்கு இயல்பாகவே ஒரு மரியாதை உண்டு. ஆனால் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது, திருத்தக்கதேவர் எங்கோ கூலிக்கு மண் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. ஏட்டைத் தேடுபவருக்கு ஏடு கிடைத்தால் போதும். ஆக்கியவர் உயிரோடு இருக்கையில், தட்டைக் கண்டெடுத்துவிட்டு ஆளைத் தேடாமல் திரும்புவதை நாம் தேடல் என்று ஒப்ப மாட்டோம். அந்த வகையில் லாஸ் ஏஞ்சலிஸின் நவ்-அகைன் நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஜகாரியோடு தொடர்பு கொண்டு, 2012இல் அக்குழுவின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். இத்தாலியரான ஜியோ அர்லோட்டா ஸாம்பியாவுக்கே சென்று அவரைக் கண்டு எடுத்த ஆவணப்படம் 2019இல் வந்தது. அதில் ஜகாரி தம் சுரங்கத்தைக் காட்டும் பகுதியை நாம் எளிதில் கடக்க முடியவில்லை. அவர் யாரையும் பழிக்கவில்லை. அதுவே கூடுதல் சங்கடம்.

2023இல் 'ஸாங்கோ' வெளியாயிற்று. 39 ஆண்டுகளுக்குப் பின் 'விட்ச்' என்ற பெயரில் வந்த முதல் இசைத்தொகுப்பு. எண்பதுகளில் அக்குழுவில் விசைப்பலகை வாசித்த பேட்ரிக் ம்வொண்டேலா திரும்பி வந்திருந்தார். மற்ற இடங்களில் நெதர்லாந்து இளைஞர்கள் சிலரும் நின்றார்கள். நால்வர் மறைந்த பின் இதை அதே குழு என்பது எப்படிப் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை ஜகாரிக்கு மட்டுமே உண்டு, அவர் வைத்துக்கொண்டார்.