பூஜ்யத்தை அழித்தால் போதுமா?

தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுலா எண்ணெய் வளம் மிகுந்த நாடு. அதன் நாணயம் பொலிவார். ஸ்பெயினின் பிடியிலிருந்து நாட்டை விடுவித்த வீரர் சைமன் பொலிவாரின் பெயரை 1879-ல் அதற்குச் சூட்டினார்கள்.

1983-ன் தொடக்கத்தில் 4.30 பொலிவார் கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர் கிடைத்தது. பிறகு மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2014-ல் எண்ணெய் விலை சரிந்தது. அரசாங்கத்தின் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. நோட்டை அச்சடித்துத் தள்ளினார்கள். நோட்டு பெருகியது, பொருள் பெருகவில்லை. விலை விஷம்போல் ஏறியது.

அரசாங்கம் என்ன செய்தது? நாணயத்தில் பூஜ்யங்களை அழித்தது! 2008-லேயே மூன்று பூஜ்யம் போயிருந்தது. 2018-ல் ஐந்து, 2021-ல் ஆறு போயின. ஆக மொத்தம் 14. அதாவது, கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அத்தனை பழைய பொலிவாருக்கு ஒரே ஒரு புதிய பொலிவார்!

வயோதிகக் காலத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்தவர்களின் கதி என்ன? வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் உதவவில்லை. கடைக்காரர்கள் டாலரில் விலை சொல்லத் தொடங்கினார்கள்.

நோட்டு என்பது வெறும் காகிதம் அல்ல. அரசாங்கம் மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு. பூஜ்யத்தை ஒரே நாளில் அழித்துவிடலாம். போன நம்பிக்கையை ஒரே நாளில் அச்சடிக்க முடியுமா?