கூரைக்கு எத்தனை அங்குலப் போர்வை?

சித்திரை வெயிலில் கான்கிரீட் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? அந்தச் சூடுதான் மெல்லக் கீழிறங்கி, இரவிலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. கூரைக்கு வெப்பக் காப்பு போடலாமே என்றால், வீடு கட்டுவோரில் ஒரு சாரார் "வீண் செலவு" என்பர். மறு சாரார் "எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது" என்பர். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. தாளும் பேனாவும் எடுங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கைத்தான் தெர்மோகோல் கடத்துகிறது. எனவே 12 செ.மீ. கான்கிரீட் தளம் தரும் தடையை வெறும் 3 மி.மீ. தெர்மோகோல் தந்துவிடும்! வெறும் தளத்தின் வழியே 100 பங்கு வெப்பம் இறங்குவதாகக் கொள்வோம். தளத்தின் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் அங்குலத் தெர்மோகோல் பதித்ததும் அது 28 பங்காகிறது. இரண்டு அங்குலத்தில் 16, மூன்றில் 12, நான்கில் 9.

கவனித்தீர்களா? முதல் அங்குலம் 72 பங்கைத் தடுக்கிறது; நான்காவதோ 3 பங்கைத்தான். ஆனால் பொருளின் விலை நான்குக்கும் ஒன்றே. வெப்ப ஓட்டம் மொத்தத் தடைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதே இதற்குக் காரணம்.

2018-இல் வீடுகளுக்காக வெளியான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டில் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் புகலாகாது என்கிறது. வெறும் தளத்தில் சுமார் 3.6 வாட் புகும். ஓர் அங்குலக் காப்பிருந்தால் சுமார் 1 வாட்தான்.

அப்படியானால் எல்லாக் கூரைக்கும் காப்பு வேண்டுமா? குளிர்சாதனக் கருவி ஓடும் அறையில் ஆண்டுக்கு 270 யூனிட் மிச்சமாவதாகவும், யூனிட் 8 ரூபாய் என்றும் கொள்ளுங்கள். மிச்சம் 2,160 ரூபாய். காப்புக்கு 10,800 ரூபாய் ஆகியிருந்தால் ஐந்தே ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும். கார் நிறுத்தும் கொட்டகையிலோ குளிர்சாதனமும் இல்லை, மின்சார மிச்சமும் இல்லை. அதற்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சே போதும். வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பியனுப்பிவிடும்.

ஆனால் ரூபாய்க் கணக்கு மட்டும் நியாயமாகாது. வாடகை வீட்டில் காப்புக்குச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவரும் புழுங்குபவரும் குடியிருப்பவர். ஆகவே இருவருமே காப்பைப் பற்றி நினைப்பதில்லை. மின்விசிறி மட்டுமே உள்ள ஏழை வீட்டிலோ மிச்சமாக யூனிட் இல்லை. நிம்மதியான தூக்கம் உண்டு. அதற்கு எந்த மீட்டரும் இல்லை. அதனால்தான் முதல் அங்குலத்தைச் சட்டம் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். அடுத்த அங்குலங்களை அவரவர் கணக்குக்கு விட்டுவிடலாம்.

உங்கள் வீட்டுக் கூரைக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடையைப் பெரியவர்களிடமும் காட்டுங்கள்.