வாளியில் விழாத கழிவு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர்களுக்குத் தெரியும்: ஈரக் களிமண்ணின் எடை வேறு, சூளையிலிருந்து வெளிவரும் பொருளின் எடை வேறு. வீட்டு உணவுக் கழிவை அளப்பதிலும் இந்தத் தெளிவு வேண்டும். இந்தியர் ஒருவர் வீட்டில் ஆண்டுக்கு 55 கிலோ உணவு கழிவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. அந்தக் கணக்கில் வாழைக்காய்த் தோலும் மீன் முள்ளும் மிஞ்சிய சோறும் சேர்ந்தே வருகின்றன. தோலைக் குறைக்க முடியாது, சோற்றைக் குறைக்கலாம். இரண்டையும் பிரிக்காத எண்ணை வைத்து ஒரு குடும்பம் என்ன செய்யும்?

நகராட்சி வண்டியில் ஏறும் மக்கும் குப்பையை நிறுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் மாட்டுக்கான கழுநீர்த் தொட்டிக்குப் போகின்றன. ஊசிப்போன குழம்பு சாக்கடையில் கொட்டப்படுகிறது. கால்நடைத் தீவனமாவதை ஐ.நா. கழிவாக எண்ணுவதில்லை. சாக்கடைக்குப் போவது கழிவுதான், ஆனால் அது குப்பைத் தராசில் ஏறாது. ஆகவே சில வார்டுகளில், மழைக்காலம் வெயில்காலம் இரண்டிலும், அடுப்படியிலேயே தோலுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று, கொட்டும் குழம்புக்கு ஒன்று என வாளி வைத்து ஒரு வாரம் நிறுக்க வேண்டும். யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்றால் மக்கள் கைச்சிக்கனமாகிவிடுவார்கள் என்பது நியாயமான ஆட்சேபம்; அதே தெருவின் குப்பை எடை அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று பார்த்தால் அந்தச் சரிவு பிடிபடும். ஏழை நாட்டில் யார் சோற்றை வீணாக்குகிறார்கள் என்பவர்களுக்கு அதே அறிக்கையில் பதில் இருக்கிறது: பணக்கார நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டுக் கழிவின் சராசரி வேறுபாடு தலைக்கு ஆண்டுக்கு 7 கிலோதான்.