கொடிபக்தியும் கூலிவேலையும்

அமெரிக்காவில் உதைபந்து என்று பெயர் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பந்தைக் கையால் எறிந்தும், கையில் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற ஒரு விளையாட்டு உண்டு. அதை நடத்தும் என்.எப்.எல். என்கிற சங்கத்தில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். கோஷ்டிகளின் சொந்தக்காரர்களோ அநேகமாய் எல்லோரும் வெள்ளைக்காரக் கோடீஸ்வரர்கள். அந்தச் சங்கத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு நேர்ந்த கதியையும், அதற்குச் சொல்லப்பட்ட சமாதானத்தின் யோக்கியதையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமென்று கருதுகிறோம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டியில் காலின் கேப்பர்னிக் என்பவர், ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் ஸ்தானம் வகித்தவர். 2013ம் வருஷம் பிப்ரவரியில் தம் கோஷ்டியைக் கடைசிப் பந்தயம் வரையில் கொண்டுபோய், மூன்றே புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர். 2016 ஆகஸ்டு மாதத்தில், ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடப்பட்டபோது அவர் எழுந்து நிற்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, கறுப்பு மக்களைக் கொடுமைப்படுத்தும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமையோடு எழுந்து நிற்கத் தம்மால் ஆகாது என்று சொன்னார். போலீசார் கறுப்பு மக்களைச் சுட்டுக்கொன்று வந்த செய்திகள் நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியிருந்த சமயம் அது. பிறகு, பட்டாளத்தில் இருந்து வந்த நேட் பாயர் என்பவரோடு கலந்து யோசித்து, உட்காருவதையும் விட்டு ஒரு முழங்காலை ஊன்றலானார். இறந்துபோன தோழனின் சமாதிமுன் சிப்பாய்கள் அவ்விதம் மண்டியிடும் வழக்கம் உண்டாகையால், சிப்பாய்களுக்கு அவமரியாதை என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதே அவர் கருத்து. இதைவிட அடக்கமாக ஒருவன் தன் ஆட்சேபணையைக் காட்ட முடியுமா என்று கேட்கிறோம்.

பலன் என்ன? 2017 மார்ச்சில் அவர் தம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்கப்புறம் 32 கோஷ்டிகளில் ஒன்றாவது அவரை ஓர் ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்திறமை போய்விட்டதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அவருடைய கோஷ்டி அவ்வருஷம் 16 ஆட்டங்களில் 2 தான் ஜெயித்தது என்பது வாஸ்தவமே. ஆனால் அதே வருஷத்தில் அவர் எறிந்த பந்துகளில் 16 எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்தன. எதிரி கைக்குப் போனவை 4 தான். அவரைவிடச் சாதாரணமானவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது.

நடத்தை விஷயத்தில்தான் இந்த முதலாளிகள் கண்டிப்பானவர்களா என்று பார்ப்போம். மைக்கேல் விக் என்ற ஆட்டக்காரர் நாய்ச்சண்டை நடத்திய குற்றத்தை 2007ல் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அவர் வெளியே வந்த 2009லேயே பிலடெல்பியா கோஷ்டி அவரை எடுத்துக்கொண்டது. இதை நாம் குற்றம் சொல்லவில்லை. தண்டனை அனுபவித்து வந்தவனுக்கும் பிழைப்பு வேண்டியதுதான். ஆனால் சிறைக்குப் போய் வந்தவருக்குத் திறந்த கதவு, ஒரு சட்டத்தையும் மீறாமல் முழங்காலை ஊன்றியவருக்கு மாத்திரம் அடைபட்டதேன் என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு முதலாளிகள் கட்சி பேசுவோர் சொல்லும் பெரிய சமாதானம் ஒன்று உண்டு. "மண்டியிட்டதால் ஜனங்கள் வெறுத்துப்போய் டெலிவிஷனில் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வியாபாரம் கெட்டது. வியாபாரத்தைக் கெடுக்கிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?" என்பதே அது. கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இதைக் கொஞ்சம் பகுத்தறிவைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

பார்வையாளர் தொகை 2016ல் நூற்றுக்கு 8ம், 2017ல் மறுபடியும் நூற்றுக்கு 10க்குச் சமீபமாகவும் குறைந்தது. இது மெய். கோபத்தினால் விலகியவர்கள் இருந்ததும் மெய். ஆனால் 2016 ஜனாதிபதித் தேர்தல் வருஷம். செப்டம்பர் 26ந் தேதி அபேட்சகர்கள் இருவரின் முதல் விவாதத்தை, ஆட்டம் நடந்த அதே இரவில், சுமார் 8 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். தேர்தல் முடிந்தபின் அவ்வருஷக் குறைவு பெரிதும் மட்டுப்பட்டது. தவிர, கேபிள் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு வழிகளில் பார்க்கும் பழக்கம் பரவி, டெலிவிஷன் காட்சிகள் எல்லாவற்றுக்குமே கூட்டம் குறைந்துவந்த காலம் அது.

2017லோ கேப்பர்னிக் ஆடவே இல்லை. அவரை விலக்கியதால் பார்வையாளர் திரும்பவில்லை, மேலும் குறைந்தார்கள். மண்டியிடும் காரியமும் அவரோடு ஒழிந்துவிடவில்லை. செப்டம்பர் 22ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் அலபாமாவில் பேசும்போது, அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை முதலாளிகள் வேலையைவிட்டு விரட்டவேண்டுமென்று வசைச்சொல்லோடு சொல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 200 பேருக்கு மேல் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். பின்னர் 2018லும் 2019லும் பார்வையாளர் தொகை வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறிற்று. 2025 பிப்ரவரியில் நடந்த கடைசிப் பந்தயத்தைச் சராசரி 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. ஆகவே போன கூட்டம் வந்துவிட்டது. கேப்பர்னிக்குக்குப் போன வேலை மாத்திரம் வரவில்லை. வியாபார நஷ்டந்தான் காரணமென்றால், நஷ்டம் தீர்ந்த பிறகு தடை எதற்காக?

நிற்க, அந்த மைதானத்துக் கொடிபக்தியின் யோக்கியதையையும் பார்க்கவேண்டும். சிப்பாய்களுக்கு மரியாதை செய்தல், பெரிய கொடி விரித்தல் முதலிய காட்சிகளுக்காக, அந்நாட்டு யுத்த இலாகா பல விளையாட்டுக் கோஷ்டிகளுக்கு 68 லட்சம் டாலர் வரையில் கொடுத்திருந்ததாக, மக்கேன், பிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் 2015ல் வெளிப்படுத்தினார்கள். மறுவருஷம் என்.எப்.எல். 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு பக்தி காட்டியவன் தேசபக்தன். பணத்தையும் வேலையையும் இழந்து மனதிற்பட்டதைக் காட்டியவன் தேசத்துரோகி! இது என்ன நியாயமோ தெரியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாதென்று அமெரிக்கப் பெரிய கோர்ட்டு 1943லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அத்தீர்ப்பு சர்க்காரைத்தான் கட்டும், முதலாளியைக் கட்டாது. சர்க்கார் சட்டத்தால் செய்யக் கூடாததை முதலாளி வயிற்றிலடித்துச் செய்துகொள்ளலாம் என்றால், அந்தச் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்தான். கோஷ்டிகள் கூட்டுச்சதி செய்து தம்மை விலக்கியதாகக் கேப்பர்னிக் கொடுத்த பிராது, 2019ல் ரகசியத் தொகை ஒன்றில் ராஜியாயிற்று. ராஜியானதாலேயே குற்றம் ருசுவாகிவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 2020ல் மின்னியாபொலிஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் பிளாய்டு என்பவரின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றபிறகு, ஆட்டக்காரர்கள் சொன்னதை முன்பே கேளாதது தப்பு என்று சங்கத்தின் தலைவர் குடேல் தம் வாயாலேயே சொன்னார். அப்போதும் கேப்பர்னிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை. ஒரு கோஷ்டியும் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

தப்பு என்று ஒப்புக்கொள்வதும், தப்பினால் கெட்டவனுக்குப் பரிகாரம் செய்வதும் வேறு வேறு காரியங்கள். முன்னதற்கு வாய் போதும். பின்னதற்கு நாணயம் வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயத்தால் ஒருவன் எழுந்து நிற்பானானால் அது கொடிக்குச் செய்யும் மரியாதையாகுமா, முதலாளிக்குச் செய்யும் மரியாதையாகுமா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.